கேட்டு மாட்டுது சார்

எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "மண்ணு எறங்குதான்னு பார்த்துச் சொல்ற வேலை" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காபி டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெண்ணின் தாய்மாமா, "சரி, எறங்கினா இவரு என்ன பண்ணுவாரு?" என்றார். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ராயபுரத்துக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். இந்தக் காலத்தில் இறங்கிக்கொண்டிருந்த மண்ணை "இறங்கி முடிந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இறங்கவே இறங்காத மண்ணை "இறங்குகிறது" என்று சொல்லி எஸ்டிமேட் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் தவறு செய்தவனை நடுநிலையாளன் என்று சொல்லலாமோ என்னவோ.

முதலில் எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம், கடற்கரைக்கு இணையாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பளம், சதுப்பு. இந்தப் பக்கத்தில் பல இடங்களில் போர் போட்டால் மேலே கொஞ்சம் மணலோ கொட்டி நிரப்பிய ராபிஷோ வரும். அதற்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று, உடைந்த சிப்பிகளோடு களிமண் ஏறி வரும். அழுகிய முட்டை வாசனை அடிக்கும். அந்தக் கையோடு யாரும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்கள். நான் திறந்திருக்கிறேன். அது வேறு கதை.

இந்தக் களியின் குணம் தெரிய வேண்டுமானால் சோறு வடிக்கிறவர்களைக் கேட்க வேண்டும். உதிரியாக வெந்த சோற்றைக் கவிழ்த்தால் கஞ்சி சட்டென்று வடிந்துவிடும். அது மணல். குழைந்துபோன சோற்றைக் கவிழ்த்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். இது களி. மேலே மூன்று மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டினால் அந்த லோடை முதல் நாள் தாங்குவது களிமண் அல்ல, அதற்குள் சிக்கியிருக்கிற தண்ணீர். தண்ணீர் கசிந்து வெளியேற வெளியேறத்தான் பாரம் மெல்ல மண்ணின் தலையில் ஏறும். ஏற ஏற மண் நெருங்கும், தரை இறங்கும். பத்து வருஷமும் ஆகலாம்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் கார்ல் டெர்சாகி. 1883-இல் பிராகில் பிறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் பாடம் நடத்தப் போனார். கருவி வாங்கக் காசில்லை. சுருட்டுப் பெட்டிகளையும் காலேஜ் குப்பைமேட்டில் பொறுக்கிய சாமான்களையும் வைத்துச் சோதனை செய்து 1923-இல் சமன்பாட்டைக் கண்டுபிடித்தார், 1925-இல் புத்தகமாகவும் போட்டார். இரும்புக் கம்பியில் சூடு பரவுவதற்கும் களிமண்ணில் தண்ணீரின் அழுத்தம் தணிவதற்கும் ஒரே சமன்பாடு என்பது அதில் உள்ள அழகு. குப்பையிலிருந்து அவர் ஒரு சாஸ்திரத்தை எடுத்தார். நல்ல லேபில் உட்கார்ந்துகொண்டு நான் எடுத்தது குப்பை.

படித்து முடித்த கையோடு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேபில் சேர்ந்தேன். ஈடோமீட்டர் என்ற கருவி என் பொறுப்பு. 60 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் உயரத்தில் வடையளவுக்கு வெட்டிய களிமண் வில்லையை வளையத்தில் வைத்து, மேலே லிவர் வழியாக எடை ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று டயலில் பார்க்க வேண்டும். கால் நிமிஷம், ஒரு நிமிஷம், இரண்டேகால், நாலு, ஆறேகால், ஒன்பது என்று ரீடிங் போகும். அப்புறம் மணிக்கணக்கில். ஒரு எடைக்கு ஒரு முழு நாள். மறுநாள் எடையை இரட்டிப்பாக்கி மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வில்லைக்கு ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். இருபத்திரண்டு வயதில் ஒரு வடையைப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்காரச் சொன்னால் யார்தான் உட்காருவார்கள்?

ஒரு நாள் அகஸ்தியா தியேட்டரில் புதுப்படம், செகண்ட் ஷோ. எடையை வைத்தேன், கிளம்பிவிட்டேன். காலையில் வந்து முந்தின நாள் ரீடிங்குகளைப் பார்த்து, அதே போக்கில் இன்றைக்கும் போனால் எப்படியிருக்கும் என்று யோசித்து ஒரு பட்டியலை நிரப்பினேன். வரைந்து பார்த்தால், பாடப்புத்தகத்தில்கூட அப்படியொரு வளைவு கிடையாது. எனக்கே பெருமையாக இருந்தது.

சீனியர் வந்தார். தாளைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். எடை வைக்கும்போது லிவர் ஆடாமல் இருக்க அடியில் ஒரு திருகு தாங்கிப் பிடித்திருக்கும். எடை வைத்தபின் அதை இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் பாரம் மண்ணுக்குப் போகும். நான் இறக்கவே இல்லை. இரவு முழுக்க எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் திருகு. வில்லை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

"லோடே வரல. உன் மண்ணு எந்தத் துக்கத்துலய்யா எறங்குச்சு?"

அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தாய்மாமா ஞாபகம் வருகிறதா?

இப்படிப்பட்டவனை ஐந்தாறு வருஷம் கழித்து எண்ணூர்ப் பக்கம் ஒரு சைட்டுக்கு அனுப்பினார்கள். சரக்கு யார்டு வரப்போகிற இடம். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியதை ஒட்டி, அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்திருந்த காலம். ஆறு மீட்டர் களி. மேலே மூன்று மீட்டர் கிராவல் கொட்டிக் காத்திருக்க வேண்டும். அடியிலிருக்கிற தண்ணீரை அந்தப் பாரமே பிழிந்து எடுத்துவிடும். பிறகு யார்டு கட்டலாம், யார்டு இறங்காது. முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மாசம்?"

லேபில் 20 மில்லி வில்லை தொண்ணூறு சதவீதம் இறங்கப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. (இது நிஜ ரீடிங். வேறொருவர் எடுத்தது.) களியின் கனம் அதைப்போல் 300 மடங்கு. நேரம் கனத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது டெர்சாகியின் கணக்கு. ஆக 90,000 மடங்கு, ஒன்பது லட்சம் நிமிஷம், 625 நாள். "இருபத்தோரு மாசம் சார்" என்றேன். அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில் அவரே கொஞ்சம் அசந்துபோனார்.

இந்தக் கணக்கு எப்போது சரி? தண்ணீர் மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் தப்பிக்க வழி இருந்தால் சரி. களிக்கு அடியில் மணல் இருக்கிறது என்று நான் நம்பினேன். போர் போட்டவர் அன்றைக்கே சொன்னார்: "அடியில மணலு மாதிரி கீது, ஆனா தண்ணி வரல சார்." அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பை வீட்டில் இருந்தது. அடியில் இருந்தது மணலைப் போட்டு இறுக்கிப் பிசைந்த கெட்டிக் களி. தண்ணீருக்குக் கீழ்வாசல் அடைப்பு. ஒரே வாசல்தான் என்றால் நேரம் நாலு மடங்கு. 2,500 நாள். ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அது அப்போது தெரியாது. இறக்கத்தை அளக்க இரும்புத் தகடுகளைப் புதைத்து, அவற்றின் மேல் குழாய் நட்டு, வாரம் ஒருமுறை குழாய்த் தலையை லெவல் மெஷினில் பார்த்தேன். எதை வைத்து அளப்பது? அசையாத ஒரு புள்ளி வேண்டும், பெஞ்ச் மார்க். நம்பகமான ஒன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து லெவலைக் கைமாற்றி மாற்றிக் கொண்டுவர ஒரு முழு நாள் ஆகும். அது மே மாதம், எண்ணூர் வெயில். சைட்டை ஒட்டி ஒரு பழைய காம்பவுண்டு சுவர் நின்றது. அதில் சிவப்பு பெயிண்டால் ஒரு அம்பு போட்டு, கீழே "பி.எம்." என்று எழுதினேன். இந்தியாவை அளக்க ஆரம்பித்ததே நம்ம ஊரில்தான். 1802-இல் லாம்டன் என்பவர் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்தில் ஒரே ஒரு கோட்டை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு நிமிஷம் போதுமானதாக இருந்தது. பெயிண்ட் காய்கிற நேரமும் சேர்த்து.

முதல் பத்து மாசம் மண் ஒழுங்காக இறங்கியது. பதினோராம் மாசம் ரீடிங் தட்டையாகத் தொடங்கியது. ஒரு வாரம் மண் மேலே எழும்பியதாகக்கூட வந்தது. குறிப்புப் பத்தியில் "கருவிப் பிழை" என்று எழுதினேன். மண் எழும்ப வாய்ப்பே இல்லை என்று தெரிந்தவன், ஏன் அப்படி வந்தது என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்திருக்கலாம். ஆனால் இருபத்தோரு மாசம் என்று சொன்னவனுக்கு அதற்கு முன்பே முடிகிறதென்றால் கசக்குமா? பதினைந்தாம் மாசம் அறிக்கை எழுதிவிட்டேன்: இறக்கம் நின்றுவிட்டது, மண்ணை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

அறிக்கையைக் கொடுக்கப் போன அன்றைக்கு வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். எர்ணாவூர்க்காரர், ஆலை வேலையில் ரிடையர் ஆனவர். கையில் கடப்பாறை.

"கேட்டு மாட்டுது சார்."

"கிரீஸ் போடுங்க."

"கிரீஸ் இல்ல சார். கேட்டு கீழ ஒரசுது. வாரா வாரம் காங்கிரீட்டைக் கொத்தி வுட்டுட்டு கீறேன். அஞ்சு மாசத்துல ரெண்டு இஞ்சு கொத்தியாச்சு. இன்னும் எவ்ளோ கொத்தணும்னு நீங்கதான் சொல்லணும், இஞ்சினீரு."

குனிந்து பார்த்தேன். கேட் திறக்கிற பாதையில் அரைவட்டமாக, பிறைபோல, ஒன்றுக்குள் ஒன்றாகக் கீறல்கள். கேட் அந்தக் காம்பவுண்டு சுவரின் தூணில்தான் தொங்கியது. பத்தாம் மாசம் மிச்சமான கிராவலை லாரிக்காரர்கள் அந்தச் சுவரோரமாகவே குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த லோடில் சுவர் இறங்கியது, என் சிவப்பு அம்பும் கூடவே இறங்கியது. யார்டு வாரத்துக்கு இரண்டு மில்லி இறங்க, சுவரும் ஏறக்குறைய அதே வேகத்தில் கீழே போனது. பக்கத்து ரயில் நம்மோடு அதே வேகத்தில் ஓடினால் நாம் நிற்பதாகத் தோன்றுமே, அதுதான். மண் எழும்பிய அந்த வாரம் சுவர் கொஞ்சம் முந்திக்கொண்டிருக்கிறது.

நான் அந்த வாசல் வழியாக வாரம் ஒருமுறை பைக்கில் போய்வந்தவன். கேட்டைத் தள்ளித் திறந்ததும் அவர்தான். என்னிடம் லெவல் மெஷின் இருந்தது, அவரிடம் கடப்பாறை. ரீடிங் யாருடையது சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து லெவல் கொண்டுவந்தேன். கணக்கைத் திருத்திப் போட்டேன். முடிந்திருந்தது நூற்றுக்கு நாற்பத்து நாலுதான். முதலாளியிடம் இன்னும் ஐந்தரை வருஷம் ஆகும் என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்தேன். "சார், பைசா கோபுரம் இருக்கே, 1173-இல் ஆரம்பிச்சு மூணு மாடி கட்டினதும் சண்டை சச்சரவுல நிறுத்திட்டாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு 1272-லதான் மேல கட்டினாங்க. நடுவுல களிமண் இறுகி பலம் ஏறினதாலதான் கோபுரம் சாய்ஞ்சதோட நின்னுச்சு, இல்லன்னா விழுந்திருக்கும்."

அவர் அமைதியாகக் கேட்டார். "அந்த நூறு வருஷமும் பேங்குக்கு அவங்க வட்டி கட்டினாங்களா?"

கடைசியில் பட்டை வடிகால் போட்டோம். நாலு விரல் அகலத்தில் பிளாஸ்டிக் பட்டை, மேலே வடிகட்டித் துணி. அதை ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் களியின் அடிவரை குத்தி இறக்கிவிட்டால் தண்ணீர் ஆறு மீட்டர் ஏறி வர வேண்டாம், அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பட்டையைப் பிடித்தால் போதும். வருஷங்கள் மாசங்களாகிவிட்டன. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று முதலாளி கேட்டார். முதலில் போட்ட எஸ்டிமேட்டில் பட்டை வடிகாலை "அவசியமில்லை" என்று அடித்தது என் கைதான். நீல மசி.

பிறகு கொஞ்ச காலம் பயந்து வேலை செய்தேன். பயந்தவன் செய்கிற தவறு வேறு தினுசு.

அம்மா இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு சந்தில். அப்பா கட்டிய வீடு. வாசலில் மூன்று படி ஏறி உள்ளே போன ஞாபகம் எனக்கு. ஒரு மழைக்காலத்தில் போனபோது படியேறவில்லை, ஒரு படி இறங்கினேன். தண்ணீர் கூடத்துக்குள் நின்றது. எண்ணூர் அனுபவம் கண்முன் வந்தது. வீடு இறங்குகிறது! டேப் வைத்து அளந்தேன். பழைய போட்டோவில் படிகளை எண்ணினேன். முப்பது வருஷத்தில் இரண்டடி. இறக்க வளைவு வரைந்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் கடைக்காலுக்கு அடியில் சிமெண்ட் பால் இறக்க வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றேன். அண்ணன் பி.எஃப். பணத்தில் கை வைக்கக் கிளம்பிவிட்டான்.

பின்கட்டில் ஒரு குழி தோண்டச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்தேன். கடற்கரை மணல். ஒரு ஆள் உயரத்துக்கும் மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடியது. மணல் இறங்குவதென்றால் வீடு கட்டும்போதே இறங்கி முடித்துவிடும், முப்பது வருஷம் காத்திருக்காது. உதிரிச் சோறு. இந்தத் தொழிலில் முதல் வகுப்பில் சொல்லித்தருகிற பாடம். நான் என்ன செய்தேன்? "இன்னும் ஆழத்தில் களி இருக்கலாம்" என்று அண்ணனிடம் சொன்னேன்.

எதிர்வீட்டு ஆயா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் திண்ணையும் இப்போது ரோடு மட்டத்தில்தான். "இன்னாத்துக்கு நைனா பள்ளம் நோண்டுற?"

"வீடு இறங்குது ஆயா. எவ்வளவுன்னு பார்க்கிறோம்."

ஆயா சிரித்ததில் வெற்றிலைச் சாறு சேலையில் தெறித்தது. "வூடு எங்க எறங்கிச்சு? ரோடு ஏறிக்கிது. அந்த அடி பம்பைப் பாரு."

சந்து முனையில் அடி பம்பு. நான் பள்ளிக்கூடப் பையனாக அதில் தொங்கித் தொங்கித் தண்ணீர் அடித்திருக்கிறேன், கைப்பிடி என் தலைக்கு மேலே இருக்கும். இப்போது பம்பின் வாய்க்குக் கீழே ஒரு குடம் நிற்காது, சொம்புதான் நிற்கும். பம்பு அப்படியே இருந்தது. தார் அதன் கழுத்து வரை வந்திருந்தது. பக்கத்தில் குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய பள்ளத்தில் ரோட்டின் வெட்டுமுகம் தெரிந்தது. ஜல்லி, தார், ஜல்லி, தார். ஏழு அடுக்கு எண்ணினேன். பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று விதி இருக்கிறது, எங்கள் சந்துக்கு அது வந்து சேரவில்லை. ஆயாவுக்கு ஒவ்வொரு அடுக்கும் எந்த எலெக்‌ஷனுக்குப் போட்டது என்று தெரிந்திருந்தது. மண்ணடுக்கைப் பார்த்து வயது சொல்வது என் தொழில்.

எண்ணூரில் குறியும் தரையும் சேர்ந்து இறங்கியபோது எதுவும் இறங்கவில்லை என்றேன். இங்கே வீடு சும்மா நிற்க, ரோடு ஏறியபோது வீடு இறங்குகிறது என்றேன். அண்ணனிடம் பணம் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். காரணத்தை இன்றுவரை சொல்லவில்லை. "மண்ணு ஸ்டேபிள் ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

ஏறிய ரோடு இறங்கப்போவதில்லை என்பதால், போன வருஷம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். வடநாட்டுப் பையன்கள் வந்து சுவரை அடியில் உடைத்து, வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கால் திருப்பு திருப்பினார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் கடலை நிரப்பிக் கட்டி 1994-இல் திறந்த கன்சாய் விமான நிலையத் தீவு 10 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. மேல் களிக்கு மணல் வடிகால் போட்டார்கள், அதற்கும் கீழே ஆழத்தில் இருந்த பழைய களி எதிர்பார்த்ததைவிட அதிகம் இறங்கியது. அங்கேயும் கட்டடத் தூண்களை ஜாக்கியால் தூக்கி இரும்புத் தகடு செருகித்தான் சமாளிக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க வீட்டுலயும் நீதான் இஞ்சினீரா?" என்றாள்.

முதல் நாள் மேஸ்திரிப் பையன் என்னிடம் வந்தான். வீடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஒரு குறி வேண்டும். "ஜீரோ கிதர் ஹை, சார்?"

சுற்றிப் பார்த்தேன். அடி பம்பைச் சொல்லலாம், அது முந்தின மாசம்தான் புதைந்துபோனது. கரண்ட் கம்பம், ஒரு புயலுக்குப் பிறகு சாய்ந்தே நிற்கிறது. எதிர்வீட்டுச் சுவர் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கடைசியில் லெவல் மெஷினைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கே போனேன். மெட்ரோ தூண்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆழத்தில் கெட்டி மண்வரை பைல் இறங்கிய தூண். இந்த வட்டாரத்தில் இதைவிட அசையாத பொருள் எனக்குத் தோன்றவில்லை. சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டு, அம்பு வரைந்து, "பி.எம்." என்று எழுதும்போது தோளில் ஒரு கை விழுந்தது. செக்யூரிட்டி.

"படிச்ச ஆளு மாதிரி கீற. பில்லர்ல எழுதற?"

மண், இறக்கம், வீடு, ஜாக்கி எல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டார். "சரி, போஸ்டர் மட்டும் ஒட்டாத" என்று விட்டுவிட்டார். அன்று மாலைக்குள் வீடு ஒன்பது அங்குலம் ஏறியிருந்தது. அம்மா ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆயாவோடு வேடிக்கை பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரீடிங் எடுக்கப் போனால் கோட்டைக் காணோம். அதே இடத்தில் ஈரம் காயாத பசையோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெள்ளை வேட்டி, கூலிங் கிளாஸ், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சாக்பீஸ் கோடு அவர் மார்புக்கு அடியில் எங்கோ இருந்தது. கிழிக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு பேர் வந்து மாலை போட்டார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.